முன்கூட்டிய தாக்கம்

சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒருபடம். எடுத்தது ஒரே ஒரு படம் என்பதால் வந்த பெயர். முதலில் கேலியாகச் சொன்னார்கள், பிறகு அடையாளத்துக்குச் சொன்னார்கள், கடைசியில் சொல்ல ஆளில்லாமல் போய் பெயரும் அவரைப் போலவே வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டது. இப்போது கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் படம் எடுப்பார். "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்க வேணாம்" என்பதுதான் முப்பது வருடமாக அவர் செய்துவந்த இயக்கம்.

அந்த ஒரு படத்தின் பெயர் 'செவ்வாயில் ஒரு வாடகை வீடு'. செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோன ஒரு குடும்பம் அங்கேயும் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற கதை. மூன்று நாள் ஓடியது. அதிலும் மூன்றாம் நாள், அடுத்த படத்தின் பெட்டி வந்துசேராததால் ஓடியது.

சரியாகப் பதினோரு மாதம் கழித்து அவருடைய கூட்டாளி ஒருவன் விண்வெளிப் படம் எடுத்தான். இருவரும் ஒரே இயக்குநரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள். ஒரே அறையில் தங்கி, இருந்த ஒரே நல்ல சட்டையை முறைவைத்துப் போட்டவர்கள். ஒல்லியாக இருந்ததால் ஒருபடம் அவனைக் குச்சி என்று கூப்பிடுவார். படம் வந்த பிறகு உலகம் அவனை மேதை என்று கூப்பிட்டது. அந்தப் படத்துக்கும் ஒரு பெயர் உண்டுதான். ஆனால் 'அந்தப் படம்' என்றாலே எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பதால் பெயரைச் சொல்லி யாரும் நேரத்தை வீணாக்குவதில்லை.

அந்தப் படத்தில் ஒரு விண்கலத்தின் கதவு பதினோரு நிமிடம் திறக்கும். அந்தப் பதினோரு நிமிடமும் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ராக்கெட் செய்யப் போனவர்கள் உண்டு, சாமியாராகப் போனவர்கள் உண்டு. கதவு, ஜன்னல் வியாபாரிகள்கூட விளம்பரத்தில் அந்தப் படத்தைச் சொன்னார்கள். ஒருபடத்திடம் யாராவது கேட்டால், "நல்ல படம். கொஞ்சம் நீளம்" என்பார். அதற்கு மேல் நாற்பது வருடத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. பொறாமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் அத்தனை கவனம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது, அந்தப் படத்தின் நீடித்த தாக்க ஆய்வு மற்றும் பாதுகாப்பு நிலையம். அப்படி ஒரு நிலையம் இருப்பது அவருக்குத் தெரியும். அதன் நாலு மாடிக் கட்டடத்தைத் தவிர்ப்பதற்காகவே இரண்டு தெரு சுற்றிக் கடைக்குப் போகிறவர்.

'தங்கள் படைப்பு அந்தப் படத்தால் தாக்கமுற்றது எனக் கண்டறியப்பட்டு, தாக்கப் பதிவேட்டில் 214ஆம் எண்ணில் சேர்க்கப்பட்டுள்ளது. தாங்கள் நேரில் வந்து தாக்கத்தை ஏற்றுக் கையொப்பமிடும் பட்சத்தில், நிலையத்தின் கிடங்கில் கண்டெடுக்கப்பட்ட தங்கள் படத்தின் ஒரே பிரதி நாற்பதாம் ஆண்டு விழாவில் திரையிடப்படும்.'

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தடவை இன்னும் வந்தது. மூன்றாம் தடவைதான் 'ஒரே பிரதி' என்பது கண்ணில் பட்டது. பிலிம் கழுவும் லேப் மூடியபோது இருந்த பிரதிகளையெல்லாம் பிலிமில் படிந்திருக்கும் வெள்ளிக்காகச் சுரண்டிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை மனைவியிடம் கொடுத்தார்.

மனைவி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்த வாடகை வீட்டுப் படத்தின் கதாநாயகியும் அவர்தான். படப்பிடிப்புக்காக வாசலில் மாட்டியிருந்த 'வீடு வாடகைக்கு' பலகையை நம்பி, வாடகை என்ன என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர். பேசிவைத்த நடிகை அன்றைக்கு வரவில்லை. வந்தவரை நடிக்க வைத்து, பிறகு கல்யாணமும் செய்துகொண்டார் ஒருபடம். படம் வெளியான வாரம் டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. முடித்துவிட்டு நாலாம் நாள் தியேட்டருக்குப் போனார். போஸ்டர்கூட இல்லை.

"கையெழுத்து போடுங்க" என்றார் டீச்சர்.

"என் படம் பதினோரு மாசம் முன்னாடி வந்தது."

"முன்னூத்தி முப்பத்தஞ்சு நாள். நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். ஆனா நான் அந்தப் படத்தைப் பாக்கவே இல்லயே. இருபத்தஞ்சு வயசுல நான் எப்படி நடந்தேன், எப்படித் திரும்பினேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

 மறுநாள் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

நிலையத்தின் வாசல் கதவு அந்தப் படத்தின் கதவைப் போலவே செய்யப்பட்டிருந்தது. திறக்கப் பதினோரு நிமிடம் ஆகும். ஒரு தடவைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். ஊழியர்கள் நாற்பத்தாறு பேர். அவர்களும் அதே வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. காலை பத்து மணிக்குத் தொடங்கும் வரிசை மாலை ஆறரைக்கு முடியும். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடுவதால் கடைசி எட்டுப் பேர் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து உள்ளே போனதே இல்லை என்றும், அவர்களில் இருவர் அப்படியே பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்றும் வரிசையில் முன்னால் நின்ற ஊழியர் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. விவரமாகத்தான் சொன்னார்.

இரண்டாம் மாடியில் தாக்க அளவீட்டுப் பிரிவு. அங்கே இருந்த அளவீட்டு அலுவலர் நடுத்தர வயதுப் பெண். மிகவும் மரியாதையானவர்.

"என் படம் முன்னாடியே வந்துடுச்சும்மா" என்று தொடங்கினார் ஒருபடம்.

"தெரியும் சார். அதனாலதான் உங்களை முன்கூட்டிய தாக்கத்துல போட்டிருக்கோம்." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நேரடித் தாக்கம், மறைமுகத் தாக்கம், எதிர்த் தாக்கம், அறியாத் தாக்கம் என்று வரிசையாகத் தலைப்புகள். கடைசியாக இருந்த 'முன்கூட்டிய தாக்கம்' என்ற தலைப்பின் கீழே அவர் பெயர் மட்டும் தனியாக இருந்தது.

"வராத படம் எப்படிம்மா என்னைத் தாக்கும்?"

"பெரிய மழைக்கு முன்னாடி ஒரு குளிர்ந்த காத்து வரும்ல சார். மழையாலதான அந்தக் காத்து. அந்தக் காத்து நீங்க." அவர் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். "இந்தப் பிரிவை உங்களுக்காகவே புதுசா தொடங்கினோம். அதுக்கு நாலு வருஷம் ஆச்சு."

ஒருபடம் டீச்சரை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். ஆனால் கையெழுத்து அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பொருளாக இல்லை.

"அளவீடு முடியணும் சார். நூத்துக்கு எழுபத்தஞ்சு வந்தாத்தான் திரையிட முடியும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார் அலுவலர். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு தூக்கம் எப்படி, பசி எப்படி, வானத்தைப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஒன்பதாவது கேள்விக்கு வந்தார். "பொறாமை இருக்கா சார்?"

"சேச்சே. எனக்கென்ன பொறாமை."

அலுவலரின் முகம் வாடியது. "நல்லா யோசிச்சு சொல்லுங்க. அதுக்கு மட்டும் நாற்பது மார்க். தாக்கத்துல ஒசந்தது பொறாமைதான்னு குழு முடிவு பண்ணியிருக்கு. ரசிக்கிறவங்க மறந்துடுறாங்க சார். பொறாமைப்படுறவங்கதான் கடைசி வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காங்க."

நாற்பது வருடம் பல்லைக் கடித்து மறைத்துவைத்த சரக்கு. இப்போது அதைக் கொண்டுவந்து தராசில் வை என்கிறார்கள். "கொஞ்சம் இருக்கலாம்" என்றார் ஒருபடம்.

"கொஞ்சம்னா பதினஞ்சு மார்க். மொத்தம் ஐம்பது வருது சார். பொறாமைச் சான்று கொண்டுவாங்க, கூட்டித் தரலாம். ஒரு சாட்சி போதும். ஆனா கூடவே வாழ்ந்தவங்களா இருக்கணும்."

வெளியே பெஞ்சில் ஒரு இசையமைப்பாளர் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்துக்காக ஒன்றரை மணிநேர இசை அமைத்தவர். முழுவதையும் வெட்டிவிட்டு அமைதியாகவே விட்டுவிட்டான் குச்சி. அந்த அமைதிக்குப் பரிசும் கிடைத்தது.

"எவ்வளவு போட்டாங்க?" என்று கேட்டார் இசையமைப்பாளர்.

"ஐம்பது. உங்களுக்கு?"

"தொண்ணூத்திரண்டு. அவனுக்குப் பரிசு கொடுத்த அன்னிக்கு எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில சேந்தேன். சீட்டெல்லாம் பத்திரமா வச்சிருந்தேன்." அடக்கமாகத்தான் சொன்னார், ஆனாலும் குரலில் ஒரு மிதப்பு.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒருபடத்துக்கு மனசு ஆறவில்லை. இவனுக்கு வெட்டுப்பட்டது வெறும் இசை. நான் இழந்தது ஒரு வாழ்க்கை. எனக்கு ஐம்பது, இவனுக்குத் தொண்ணூற்றிரண்டா? ஒரு காலத்தில் குச்சிக்குக் கிடைத்த மாலைகளை நினைத்து எரிந்த அதே இடத்தில், இப்போது இசையமைப்பாளரின் மதிப்பெண் எரிந்தது.

மறுநாள் டீச்சர் சாட்சி சொல்ல வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். ஒருபடம் அந்த நோட்டைப் பார்த்ததே இல்லை.

"டிவியில அந்தப் படம் போடும்போதெல்லாம் இவரு தண்ணித் தொட்டி கழுவ மாடிக்குப் போயிடுவாரு" என்றார் டீச்சர். "இதுவரைக்கும் அறுபத்திமூணு தடவை. எங்க தெருவுலயே சுத்தமான தொட்டி எங்களோடதுதான். ஒரு வருஷம் மூணு சேனல்ல அடுத்தடுத்துப் போட்டாங்க. அந்த வாரம் பக்கத்து வீட்டுத் தொட்டியையும் கழுவினாரு."

அலுவலர் வேகமாக எழுதிக்கொண்டார்.

"தூக்கத்துல பேசுவாரு. 'பதினோரு நிமிஷம் எதுக்குடா, ஒரு நிமிஷத்துல தொறந்து தொலையேன்'பாரு. மாசத்துக்கு ரெண்டு தடவை. சராசரிதான் சொல்றேன். பரிசு அறிவிக்கிற மாசம் அஞ்சு ஆகும்."

ஒருபடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடமும் இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள்.

"எழுபத்தஞ்சு" என்றார் அலுவலர். அவர் கண் கலங்கியிருந்தது. "வாழ்த்துகள் சார்."

கையெழுத்து போட்டார். பேனா நழுவி ஒரு கோடு நீளமாக இழுத்தது. அது தாக்கத்தின் அறிகுறி என்று அலுவலர் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

கடைசியாகத் துணைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தலைவர் கதவு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். துணைத் தலைவரின் அறையில் அந்தப் படத்தின் பெட்டி ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா நான் இதைப் பாதுகாக்கிறேன்" என்றார் துணைத் தலைவர். "இந்தப் படத்தை நான் பாத்ததில்ல. பாத்துட்டா நடுநிலைமை போயிடும். எங்க குழுவுல ஏழு பேர், யாரும் பாத்ததில்ல. முன்னாடி ஒருத்தர் தெரியாம பாத்துட்டாரு. 'நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல தொய்வு'ன்னு ஒரு கருத்து சொன்னாரு. கருத்து சொல்ல ஆரம்பிச்சிட்டா ஒரு நிறுவனம் நடக்குமா? அவரை மாத்திட்டோம்."

"படத்தைப் பாக்காம தாக்கத்தை எப்படி சார் புரிஞ்சிக்கிறீங்க?"

"படம் வேற, தாக்கம் வேற. படம் ரெண்டரை மணிநேரம். தாக்கம் நிரந்தரம். நாலு மாடி, நாற்பத்தாறு பேருக்கு வேலை, எல்லாம் தாக்கத்தாலதான் நடக்குது. உண்மையச் சொன்னா இனிமே படம்கூட அவசியமில்ல." சொல்லிவிட்டுக் கூண்டின் கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

விழா சனிக்கிழமை மாலை. ஒருபடமும் டீச்சரும் மதியமே போய்விட்டார்கள், கதவை நினைத்து. உள்ளே, அனுமதிப் பிரிவின் முன்னாலிருந்த மர பெஞ்சில், கையில் டோக்கனோடு ஒரு குண்டான கிழவர் உட்கார்ந்திருந்தார். ஒருபடம் கடந்து போன பிறகுதான் நின்று திரும்பினார். குச்சி.

"நீ என்னடா இங்க?"

"புதுப்படம் எடுக்க அனுமதி கேட்டிருக்கேன்" என்றார் மேதை. "ஆறாவது தடவை. நான் வேற படம் எடுத்தா அந்தப் படத்தோட தாக்கம் நீர்த்துப்போயிடும்னு ஒரு விதி இருக்கு. கதையைக் குழுவுக்குக் கொடுக்கணும். போன தடவை என்ன எழுதி அனுப்பினாங்க தெரியுமா? 'அந்தப் படத்தின் தாக்கம் போதவில்லை.'" மேதை டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ போட்டோ எடுக்கறியாமே."

"பாஸ்போர்ட் சைஸ்."

"தெனம் எத்தனை பேர் வருவாங்க?"

"பத்துப் பன்னண்டு பேர்."

"தெனம் பன்னண்டு புது முகம்" என்றார் குச்சி. அந்தக் குரலில் இருந்தது என்ன என்று ஒருபடத்துக்கு உடனே தெரிந்தது. நாற்பது வருடம் பழகிய சரக்கு அல்லவா.

 பிறகு குச்சியே சொன்னார்: "உன் படத்தை நான் மூணு நாளும் பாத்தேன். எல்லாக் காட்சியும். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. ராத்திரி அறைக்கு வந்து என் கதையை எடுத்துப் பாத்தேன். அதுலயும் பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கைப் பேச்சு. உன்னுதுக்கு முன்னாடி வக்க முடியாதுன்னு தெரிஞ்சுது. ஒவ்வொரு வசனமா அடிச்சேன். காலையில பாத்தா ஒண்ணுமே மிச்சமில்ல. ஒரு கதவு மட்டும் இருந்துது. சரி, அதையாவது மெதுவா தொறப்போம்னு வச்சேன்."

ஒருபடம் அவரையே பார்த்தார். "இதை ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?"

"பொறாமையா இருந்துது" என்றார் குச்சி.

அன்று மாலை மேடையில் குச்சி அதையே சொன்னார், ஒரு சொல் விடாமல். அந்தப் படம்தான் தாக்கத்துக்கு உள்ளானது, தாக்கியது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போட்டோக்காரர் என்றார். ஊழியர்கள் துணைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.  துணைத் தலைவர் மெதுவாக எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"மேதையின் பணிவைப் பார்த்தீர்களா? இவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு, ஒரு சாதாரண முன்கூட்டிய தாக்கத்தாளரைப் பார்த்து இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இந்தப் பணிவும் அந்தப் படத்தின் தாக்கமே. இதை ஆராய மூன்றாம் மாடியில் ஒரு பணிவுப் பிரிவு தொடங்கப்படும் என்பதை இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. குச்சி இறங்கிவந்து டீச்சருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்குகள் அணைந்தன.

படம் ஓடியது. கீறலும் புள்ளியுமாக இருந்தாலும் ஓடியது. செவ்வாயின் சிவப்பு மண் மேல், கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு டீச்சர் நடந்து வந்தார். இருபத்தைந்து வயது. இடது காலைக் கொஞ்சம் தூக்கிப் போட்டு நடந்தார். "இப்படியா நடந்தேன்" என்று இருட்டில் டீச்சர் முணுமுணுத்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. அளவீட்டு அலுவலர் சிரிப்பை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் படிவத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

நாலாவது ரீல் இல்லை. திரை வெள்ளையாக நின்றது, ஒலியும் நின்றுபோனது. ஆழ்ந்த மௌனக் காட்சி என்று நினைத்துத் துணைத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். மூன்று வரிசை அவரோடு சேர்ந்து தட்டியது. ஒருபடம் இருக்கையில் சுருங்கினார். அந்த ரீலில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரிக்கும் ஒரு பெரிய சண்டை என்பது மட்டும் நினைவில் இருந்தது. ஒரு வசனமும் வரவில்லை. எழுதியவர் அவர்தான்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. வீட்டுக்காரரின் குரல், கரகரப்பும் இழுப்புமாக. "இங்க காத்து தனி வாடகை, அம்மா. மூச்சு விடறதுக்கு முன்னாடி சொல்லிட்டு விடணும்."

குச்சிதான். வெள்ளைத் திரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாங்க அஞ்சு பேரும் மாத்தி மாத்தி விட்டுக்கறோம்" என்றார் டீச்சர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"தும்மினா?"

"தும்மல் விருந்தாளி மாதிரிங்க. சொல்லிட்டா வரும்?"

இருவரும் விடாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கைதட்டியவர்கள் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார்கள். ஒருபடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் படம், தன் வசனம், தன் மனைவி, எல்லாம் அவன் கையில் இருந்தது. அறுபத்திமூன்று தொட்டி கழுவியபோதும் இப்படி எரிந்ததில்லை. அவன் வசனத்தை எத்தனை அழகாகச் சொல்கிறான் என்பதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது. ஆனால் 'விட்டுக்கறோம்' என்பதற்குப் பிறகு ஒரு நொடி நிறுத்த வேண்டும். இவள் நிறுத்தவில்லை. இவனும் அவசரப்படுகிறான்.

ஒருபடம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றார். "முதல்லேர்ந்து வாங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுடா, பின்னாடி கேக்கல."